வேக வண்டியும் அதன் பியூயல் பம்பும்

சட்டியில் இருந்தாலன்றி அகப்பையில் வாராது என்பது நம் பாட்டிமார் அடுக்களையிற் கண்ட உண்மை. அவ்வுண்மையை மோட்டார் வண்டிப் பட்டறையிற் புகுந்தவுடன் நம்மவர் மறந்துவிடுகின்றனர் என்பதே யாம் இவ்வாண்டு மலரில் முறையிட வந்த குறை.

கம்பெனியார் செய்து விற்ற நிலையிலேயே வண்டியை வைத்துக்கொள்ள மனம் ஒப்பாத இளைஞர் இந்நாளிற் பலராயினர். இதனை யாம் குற்றமெனக் கூறேம். ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து, அதன் இயல்பறிந்து, அதனினும் மேலாகச் செய்ய முயல்வது கல்வியின்பாற் பட்டதே. ஆனால் அவர்தம் பேச்சைச் சற்றுச் செவிமடுத்துப் பாருங்கள். விடுதித் தாழ்வாரத்தில் இரவு பத்து மணிக்கு மேல் எழும் வாதங்களில் டர்போவின் பருமன் பேசப்படும். புகைக்குழாயின் விட்டம் பேசப்படும். எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதித் தருவோன் யாவன், அவன் வாங்கும் கூலி யாது என்பனவெல்லாம் பேசப்படும். பின்னாசனத்தின் கீழே, டாங்கிக்குள்ளே, பெட்ரோலில் மூழ்கிக் கிடந்து, கையளவு உருவத்தோடு ஓயாது உழைக்கும் பியூயல் பம்பைப் பற்றி ஒருவரும் வாய் திறவார். (பம்பு என்றவுடன் சாலையோரத்துப் பெட்ரோல் பங்க்கை நினைந்து மயங்குவோரும் உளர், யாம் சொல்வது வண்டிக்குள் இருப்பதை.) அதற்கு முழக்கமும் இல்லை, பளபளப்பும் இல்லை. வண்டியின் முகமூடியைத் தூக்கி நண்பர்க்குக் காட்டுங்கால் அது கண்ணுக்குத் தென்படுவதும் இல்லை.

எமது கொள்கையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றோம். டர்போவின் காற்றழுத்தத்தை உயர்த்தி எஞ்சினுக்கு வலிமை கூட்ட விரும்புவோன், அவ்வழுத்தத்தை எள்ளளவும் உயர்த்துவதற்கு முன்னரே பெட்ரோல் வரத்தை அளந்து திருத்திக்கொள்ளல் வேண்டும். திருத்துதல் என்றது கடையிற் கிடைக்கும் மிகப் பெரிய பம்பை வாங்கி மாட்டுதல் அன்று. முன்னதைச் செய்யாதாரும் பலர். பின்னதையே முன்னதென்று எண்ணி ஏமாந்தாரும் பலர். இருசாராரோடும் எமக்கு வழக்குண்டு.

பழங்கதை சிறிது சொல்லுதல் தகும். 1908-ஆம் ஆண்டு முதல் 1927 வரை அமெரிக்க நாட்டில் ஃபோர்டு கம்பெனியார் செய்த 'டி' மாதிரி வண்டியில் பம்பு என்பதே இல்லை. ஆசனத்தின் கீழிருந்த டாங்கியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி எஞ்சினுக்குச் சென்றது. டாங்கியிற் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற வேண்டின், எஞ்சின் மேலாகவும் டாங்கி கீழாகவும் ஆய்விடுமாதலின், பெட்ரோல் செல்லாது எஞ்சின் நின்றுவிடும். அக்காலத்து வண்டியோட்டிகள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி மேட்டில் ஏற்றினர்! இதனைக் கேட்டு நகைப்போர் உண்டு. யாம் நகையேம். தம் எஞ்சினுக்கு உணவு எவ்வழியாக வருகின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம்மவரிற் பலர் அறியார்.

பின்னர் எஞ்சினே அசைத்து இயக்கும் தோற்சவ்வுப் பம்புகள் வந்தன. கார்ப்புரேட்டருக்கு அவற்றின் சிறிய அழுத்தமே போதியதாயிற்று. 1967-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் கம்பெனியார் மின்னணு முறையாற் பெட்ரோலைத் தெளிக்கும் 'டி-ஜெட்ரானிக்' அமைப்பை ஃபோக்ஸ்வாகன் வண்டியிற் புகுத்தியபோது நிலைமை மாறியது. தெளிப்பானாகிய இன்ஜெக்டர் ஒழுங்காகத் தெளிக்க வேண்டின், அதன் பின்னே மாறாத அழுத்தம் நிற்றல் வேண்டும். அதற்கு மின்சாரப் பம்பு இன்றியமையாததாயிற்று. அன்று தொட்டுப் பம்பு வெறும் சுமைகூலியாள் அன்று. அளவையின் ஒரு பகுதியாகவே ஆய்விட்டது. இச்சொல்லை வாசகர் நினைவில் இருத்தல் வேண்டும். ஏனெனில் யாம் கூறப்புகும் கேடு முழுவதும் இதனை மறந்ததனால் விளைந்தது.

எமக்குச் சில ஆண்டுகள் மூத்தவராய் இக்கல்லூரியிற் பயின்ற நண்பர் ஒருவர், 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் பூண்ட பழைய வண்டியொன்றை இரண்டாங்கையாக வாங்கினார். கம்பெனியார் அதற்குக் கொடுத்த வலிமை 150 குதிரைச் சக்தி. நண்பர் டர்போவை மாற்றினார், காற்றழுத்தத்தை 1.3 பார் வரை உயர்த்தினார். கம்ப்யூட்டர்க் கணக்கையும் அதற்கேற்ப எழுதுவித்தார். வலிமை 240 குதிரைச் சக்தி ஆயிற்றென்று பட்டறையார் அளந்து காட்டிய காகிதத்தை அவர் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் என்பதை யாம் அறிவோம். எமக்கே மூன்று முறை காட்டினார். பம்பைப் பற்றி யாம் கேட்டபோது, "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று விடை பகர்ந்தார். நகரத்துள்ளும் நெடுஞ்சாலையிலும் வண்டி குறையின்றி ஓடியதும் உண்மையே.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், கட்டணம் செலுத்தி எவரும் தம் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளொன்றில் யாமும் அவருடன் சென்றிருந்தோம். சித்திரை மாதத்து வெயில். முதல் நான்கு சுற்றுகள் நன்றாகவே நிகழ்ந்தன. ஐந்தாஞ் சுற்றில், நேர்ப்பாதையில் நான்காங் கியரில் முழு மிதியில் வருங்கால், வண்டி ஒருமுறை தயங்கியது. பின்னர் நீலப்புகை கக்கியது. அதன் பின்னர் அதனைக் கயிறுகட்டி இழுத்து வந்தோம். எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாம் பிஸ்டனின் விளிம்பு மெழுகுபோல் உருகி ஒழுகியிருந்தது. பெட்ரோல் கலப்படம் என்றார் ஒருவர். டர்போ போலி என்றார் மற்றொருவர். பம்பை ஐயுற்றவர் எவரும் இலர்.

யாம் அப்பம்பைக் கழற்றி எடுத்து, திறந்த வெளியில் உரிய காவலோடு அளந்து பார்த்தோம். எஞ்சினுக்கு வேண்டிய அழுத்தமாகிய 4.3 பாரில், 13.5 வோல்ட்டு மின்சாரம் கொடுத்தபோது நிமிஷத்திற்கு ஏறக்குறைய 2 லிட்டர் தள்ளியது. கணக்கின்படி அவ்வெஞ்சினுக்கு வேண்டியது நிமிஷத்திற்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவே. ஆகவே பம்பு குற்றமற்றது என்று தீர்ப்பளிக்க இருந்தோம். அப்பொழுது நண்பர்தம் தம்பி, டாங்கியின் மேலுள்ள மின்னிணைப்பின் செருகுவாய் கருகிப் பழுப்பேறி இருப்பதைக் காட்டினான். வண்டியின் பழைய கம்பிகளின் வழியே, பம்பு பாரஞ்சுமந்து ஓடும்போது, அதற்கு வந்து சேர்ந்தது 11 வோல்ட்டு மாத்திரமே! அதே பம்பை 11 வோல்ட்டில் ஓட்டிப் பார்த்தோம், நிமிஷத்திற்கு 1.2 லிட்டர் வந்தது. சட்டியிற் சோறு இருந்தது. அகப்பையின் காம்பு ஒடிந்திருந்தது.

இனி இதன் காரணத்தை விளக்குவோம். கணக்கை வெறுப்போர் அடுத்த பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஆயினும் பிஸ்டனின் விலை அவர்களுக்கும் ஒன்றே.

ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்துள்ள வாயுமண்டலத்தின் அழுத்தம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் குழாய்க்கு ரெயில் என்று பெயர். பல வண்டிகளில் ரெயிலில் உள்ள அழுத்தம், இன்ஜெக்டர் வாய் திறக்கும் இடத்திலுள்ள காற்றின் அழுத்தத்தைவிட 3 பார் மிகுந்து நிற்குமாறு ரெகுலேட்டர் என்னும் கருவி காத்துவரும். டர்போ 1.3 பார் அழுத்தங் கொடுக்குமாயின் ரெயிலில் 4.3 பார் நிற்றல் வேண்டும். இங்கேதான் பொறி உள்ளது. எஞ்சின் மிகுதியான பெட்ரோலைக் கேட்பதும், பம்பு மிகுதியான அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டுவதும் ஒரே நொடியில் நிகழ்கின்றன. எந்தப் பம்புக்கும் அழுத்தம் ஏற ஏறத் தள்ளும் அளவு இறங்கும். தேவை ஏறும் வேளையில் வரத்து இறங்குகின்றது. பம்பு தோற்றவுடன் ரெயிலின் அழுத்தம் சரியும். 3 பாராக இருக்க வேண்டிய வேறுபாடு 2 பாராகச் சரிந்ததென்று கொள்வோம். இன்ஜெக்டர் தெளிக்கும் அளவு அவ்வேறுபாட்டின் வர்க்கமூலத்தை ஒட்டியதாதலின், நூற்றுக்கு 18 பங்கு பெட்ரோல் குறைந்துவிடும். பழைய வண்டியின் கம்ப்யூட்டரோ இதனை அறியாது. வேறுபாடு 3 பார் என்று நம்பியே இன்ஜெக்டரைத் திறந்து மூடும். எடையளவில் 11.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று எழுதப்பட்ட கலவை, 14.4-க்கு ஒன்று என்று ஆய்விடும்.

பெட்ரோல் முழுதும் எரிவதற்குரிய கலவை 14.7-க்கு ஒன்று என்று புத்தகங்கள் கூறுமே, 14.4 என்பதில் என்ன தீங்கு என்று கேட்பார் உண்டு. எமது நண்பரும் அவ்வாறே கேட்டார். அமைதியாகச் செல்லும்போது அது நன்றே. டர்போவின் முழு அழுத்தத்தில் மிகுதியாகத் தெளிக்கப்படும் பெட்ரோல் எரிவதற்காக அன்று. ஆவியாகி வெப்பத்தைத் தணிப்பதற்காகவும், கலவை காலந்தப்பி வெடியாதிருப்பதற்காகவும் ஆம். அம்மிகுதி நீங்கின் 'நாக்கிங்' என்னும் அகாலவெடிப்பு எழும். அலுமினியப் பிஸ்டன் அதற்கு நெடுநேரம் ஆற்றாது. நகரத்துள் இக்கேடு வெளிப்படாமைக்குக் காரணமும் இதனால் விளங்கும். அங்கே முழு மிதி இரண்டு மூன்று நொடிக்குமேல் நிற்பதில்லை. பந்தயத் தடத்தில் உயர்ந்த கியரில் அது நீடிக்கின்றது, கம்பி சுடுகின்றது, டாங்கியிலுள்ள பெட்ரோலும் சுடுகின்றது. நகரத்தில் ஓடியதே போதிய சோதனை என்று கொள்வது, வாய்க்காலில் நீந்தியவன் கடலில் இறங்குவது போலாம்.

ஆதலின் பம்பை மாற்றப் புகுவோன் முதலிற் கேட்க வேண்டிய வினா, "எத்தனை லிட்டர்ப் பம்பு?" என்பதன்று, "எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில், எத்தனை லிட்டர்?" என்பதே. வால்புரோ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியுள்ள, மணிக்கு 255 லிட்டர் என்று விற்கப்படும் பம்பை எடுத்துக்கொள்வோம். அவ்வெண் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்திலும் 13.5 வோல்ட்டிலும் பெறப்படுவது. அழுத்தம் 4.5 பாரை அணுகும்போது அது 200-ஐ நோக்கி இறங்கும். டொயோட்டா கம்பெனியார் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்ரா வண்டியை, ஜப்பானில் விளம்பரப்படுத்திய 280 குதிரைச் சக்தியிலிருந்து 450-க்கு உயர்த்த ஒருவர் விரும்புவதாகக் கொள்க. டர்போ எஞ்சின் முழு வலிமையில் குதிரைச் சக்தி ஒன்றுக்கு மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் உண்ணும். 450-க்கு 121 கிலோ. லிட்டருக்கு 740 கிராம் என்று வைத்தால் 164 லிட்டர். வெயிலுக்கும் பம்பின் முதுமைக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 200 லிட்டரை எட்டும். பெட்டியில் 255 என்று கண்டு, பாதிக்குப் பாதி மிச்சமிருக்கிறதென்று மகிழ்ந்தவர்க்கு உண்மையில் மிச்சம் ஒன்றுமில்லை.

அச்சூப்ரா வண்டியில் அறியத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. எஞ்சின் இலேசாக ஓடுங்கால் பம்பு வீணாக உழையாதிருக்கும்பொருட்டு, அதற்குச் செல்லும் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் தனிக் கருவியொன்றைக் கம்பெனியார் வைத்தனர். பம்பின் ஓசையும் தேய்வும் அதனாற் குறையும். வண்டியின் வலிமையை உயர்த்துவோர் அக்கருவியை ஒதுக்கிவிட்டு எப்பொழுதும் முழு வோல்ட்டும் செல்லுமாறு கம்பியை மாற்றுவர். '12 வோல்ட்டு மாற்றம்' என்று அதற்குப் பெயரே வழங்குகின்றது. பம்பு ஒன்றும் மாறாமலே வரத்தை மாற்றும் வழி மின்சாரத்தில் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கம்பியைப் பற்றி யாம் சற்று நீளப் பேசுவதை வாசகர் பொறுத்தல் வேண்டும். பட்டறைகளில் இதற்கு நேரும் அவமதிப்பைக் கண்டு மனம் புழுங்கியதன் விளைவு இது. பெரிய பம்பு 15 ஆம்பியர் வரையும் அதற்கு மேலும் இழுக்கும். பாட்டரியிலிருந்து டாங்கி வரை சென்று மீளும் வழி முழுவதிலும், செருகுவாய், ஸ்விச்சு, துருவேறிய பூமியிணைப்பு எல்லாங் கூடி, ஓம் ஒன்றிற் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாற் போதும். ஒன்றரை வோல்ட்டு வழியிலேயே தொலைந்துபோம். சிறிய பம்பைக் கழற்றிப் பெரிய பம்பைப் பழைய கம்பியிலேயே மாட்டினால், இழுக்கும் ஆம்பியர் கூடுவதால் தொலையும் வோல்ட்டும் கூடும். பணம் செலவழித்து, முன்னிருந்ததைவிடச் சிறிதே நன்மை பெற்றார் பலர். செய்யத்தக்கது யாதெனின், பாட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பியொன்றைப் பின்புறம் கொண்டுசென்று, பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே தக்க பியூஸ் வைத்து, பழைய மெல்லிய கம்பியை ரிலே ஒன்றை இயக்குவதற்கு மாத்திரம் பயன்படுத்தி, பூமியிணைப்பையும் புதிதாக, வண்ணம் சுரண்டிய இரும்பின்மேல் இறுக்குதலாம். இதற்கு ஆகுஞ் செலவு பம்பின் விலையிற் சிறு பகுதியே. ஆயினும் பியூஸை மறந்தோ, கம்பியைக் கூரிய தகட்டோரத்தில் உராயவிட்டோ செய்வாராயின் அதைவிடப் பழைய கம்பியே மேல்; டாங்கியின் அருகே எழும் தீப்பொறிக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

இனி, பெரிதே நன்றென்னும் கட்சியாரிடம் வருவோம். அவர் கூற்று யாதெனின், பம்பு எத்துணைப் பெரிதாயினும் மிகுதி டாங்கிக்குத் திரும்பிவிடும், ஆதலால் தீங்கில்லை என்பது. திரும்பும் வழி உள்ள வண்டியில் ஓரளவுக்கு இது மெய்யே. ஆனால் அத்திரும்புகுழாயும் ரெகுலேட்டரும் கம்பெனியார் வைத்த சிறு பம்புக்கென அமைந்தவை. எஞ்சின் வெறுமனே நின்று ஓடும்போது ஏறக்குறைய முழுப் பெட்ரோலும் அவ்வழியே திரும்ப வேண்டும்; ரெகுலேட்டர் முழுதும் திறந்தும் வழி போதாது, ரெயிலில் அழுத்தம் எகிறும்; கலவை கொழுத்துக் கரும்புகை எழும். அன்றியும், சூடான எஞ்சினைச் சுற்றி மீளும் பெட்ரோல் டாங்கியைச் சூடாக்கும். சூடேறிய பெட்ரோல் ஆவியாகிப் பம்பின் வாயிற் குமிழிடும். திரும்புவழியே இல்லாத புது வண்டிகளில் பம்பின் வேகத்தையே கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும். அக்கருவி தாங்கும் ஆம்பியரை அறியாது பெரும் பம்பை மாட்டின் கருவி கருகும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களிலோ பம்புகள் இரண்டு: டாங்கியில் ஒன்று, எஞ்சினின் காம்ஷாஃப்டால் இயங்கி 150, 200 பார் என்று அழுத்தும் மற்றொன்று. முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவது திணறுவதை அறியாதிருப்பது அரைவேலை. 500 குதிரைச் சக்திக்குரிய பம்பை 240 குதிரைச் சக்திக்கு மாட்டுவோரைக் காணும்போதெல்லாம், குழந்தைக்குத் தாத்தாவின் செருப்பை அணிவித்த காட்சியே எமக்கு நினைவு வருகின்றது.

பம்பினும் முந்திச் சிந்திக்க வேண்டிய செய்தி இந்நாளில் இந்தியாவில் ஒன்று எழுந்துள்ளது. 2025-ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படும் நிலை வந்துவிட்டது. இக்கலப்பை யாம் வைவோமல்லேம். எத்தனால் அகாலவெடிப்பைத் தடுக்க வல்லது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பச் சக்தி பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே அதே வலிமைக்கு இப்பெட்ரோல் நூற்றுக்கு 7 பங்கு மிகுதியாகத் தேவைப்படும். மேற்கூறிய 164 லிட்டர் 175 ஆகும். முன்னாளிற் கணக்குப் பார்த்து விளிம்பில் நிறுத்திய வண்டிகள் இன்று விளிம்புக்கு அப்பால் நிற்றல் கூடும். பழைய பம்பும் பழைய ரப்பரும் எத்தனாலைத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பணமில்லாத மாணாக்கனுக்கு இவையெல்லாம் ஆகுமோ என்று ஒருவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. எமது விடை இதுவே: பம்புக்கும் கம்பிக்கும் பணமில்லாதவன் டர்போவை உயர்த்தப் பணமுடையவன் அல்லன். ஒரு பார் அழுத்தத்துக்கே பம்பு போதுமென்று அளவை சொல்லுமாயின் ஒரு பாரோடு நிற்பது இழிவன்று. அளவுமானி ஒன்றை ரெயிலில் வைத்து, முழு மிதியில் அது காட்டும் அழுத்தத்தையும் டர்போவின் அழுத்தத்தையும் ஒருங்கே பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க. எல்லா வேகத்திலும் 3 பார் மாறாது நிற்பின் வரத்து செம்மை. சரியத் தொடங்கும் இடமே அவ்வண்டியின் எல்லை. இச்சோதனைக்குப் பம்பின் விலைகூட ஆகாது.

விலை மலிவென்று போலிப் பம்பை நாடுவோர்க்கும் ஒரு வார்த்தை. புகழ்பெற்ற பம்புகள் அனைத்திற்கும் போலிகள் உண்டு. பெட்டியும் முத்திரையும் அச்சொட்டாக இருக்கும். பாதி விலைக்குக் கிடைப்பது பாதிப் பம்பு என்று கொள்க. டாங்கிக்குள் பம்பையும் மேல்மூடியையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர்க் குழாயிலும் கவனம் வேண்டும். வெளியிற் பயன்படும் சாதாரணப் பெட்ரோல் குழாய் உட்புறத்தைத் தாங்குமே அன்றி, நான்கு புறமும் பெட்ரோலில் மூழ்கிக் கிடத்தலைத் தாங்காது. சில மாதங்களிற் பருத்து, மெலிந்து, வெடித்துப்போம். அப்பொழுது பம்பு தள்ளும் பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே சுற்றும். ரெயிலில் அழுத்தம் வீழும். குற்றம் பம்பின் தலையில் ஏறும். மூழ்கிக் கிடத்தற்கென்றே செய்த குழாயைக் கேட்டு வாங்குக. டாங்கியைத் திறக்குமுன் பாட்டரியைக் கழற்றுதலும், ரெயிலின் அழுத்தத்தை இறக்குதலும், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்தலும் சொல்லாமலே விளங்கற்பாலன. ஆயினும் பெட்ரோல் ஆவி காற்றினும் கனமாதலின் தரையோடு படிந்து அறையின் மறுகோடிக்கும் பரவும் என்பதை அறியாதார் உளராதலிற் சொன்னோம்.

சட்டத்தைக் கூறாது விடுதல் நேர்மையன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் கம்பெனியார் முதலிற் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தியது. யாம் மேலே கூறியன பந்தயத் தடத்துக்குரிய வண்டிகளை மனத்திற் கொண்டே. பொதுச்சாலையில் 240 குதிரைச் சக்தியால் ஆவதும் ஒன்றுமில்லை.

எம் நண்பர் எஞ்சினைப் புதுக்கிவிட்டார். இம்முறை முதலிற் கம்பி மாற்றினார். பின்னர் எஞ்சினுக்கு அளவான பம்பு வைத்தார். ரெயிலில் அளவுமானியும் பொருத்தினார். ஏறத்தாழ இரண்டு மாதமாக டர்போவைக் கம்பெனி அழுத்தத்திலேயே வைத்து, வாரந்தோறும் பதிவுகளை எமக்கு அனுப்பிவருகின்றார். முழு மிதியில் 3 பார் என்னும் கோடு இதுவரை சரியவில்லை. பெரிய டர்போ இன்னும் அவர் வீட்டு அலமாரியில், செய்தித்தாளிற் சுற்றியபடி இருக்கின்றது. உருகிய பிஸ்டன் அதன்மேல் காகிதப் பாரமாக வைக்கப்பட்டுள்ளது.